நாற்பது பேனா

ஏஜக்ஸ் உயர்பள்ளி, உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழ் எனக்கொரு மேசை.
இடப்பக்கம் வங்கி. வலப்பக்கம் பொலிஸ்.
பொலிஸ் ஒரு நாயைக் கொண்டுவந்திருந்தது.
நாயோடு யார் போட்டி போடலாம்?

நான் கொண்டுபோனது
பாதியாய் அறுத்த கொமோட் ஒன்று,
தண்ணீர் போகும் பாதைக்கு நீலம் பூச
இரண்டு இரவு எடுத்தது.
மினுக்கிய செப்புக் குழாய்.
கம்பனிப் பெயர் போட்ட நாற்பது பேனா.

பெடியள் வந்தார்கள். பேனா எடுத்தார்கள்.
கழுவுற மீனில் எல்லாமே நழுவுற மீன்.
ஒருத்தி கொமோட்டோடு செல்ஃபி எடுத்தாள்,
இந்த இடத்தில் வெளிச்சம் நல்லமாம்.
ஒருவன் மட்டும் நின்று கேட்டான்:
"கையால தொடுவீங்களா?"
கையுறை இருக்கு என்றேன்.
"ஆனா தொடுவீங்கள்."
தொடுவேன்.
என்ன பொய்யைச் சொல்ல?
பதினாறு வருடமாய் இந்த ஊரின்
தலைமயிர், சோற்றுப் பருக்கை,
ஒரு தடவை கலியாண மோதிரம்,
எல்லாம் தொட்டாயிற்று.
தலையாட்டிவிட்டு நாயிடம் போனான்.

தாய்மாரும் வந்திருந்தார்கள்.
"யசோ, பிசினஸ் நல்லாப் போகுதாமே, சந்தோசம்"
என்று சொன்னபடியே திருமதி குகநேசன்
மகனின் முழங்கையைப் பிடித்து
வங்கிப் பக்கம் திருப்பினார்.
போன தை மாதம், மைனஸ் இருபத்தாறில்,
இரவு இரண்டு மணிக்கு
"பிள்ளை, பேஸ்மென்டுக்குள்ள தண்ணி" என்று அழுதவர்.
அன்றைக்கு நான் பிள்ளை.
இன்றைக்கு அவர் பிள்ளைக்கு நான் தொற்று.

குற்றம் சொல்லவில்லை.
என் மகனும் கணக்கியல்தான் படிக்கிறான்.
அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு பேச்சுப் பாடமாக்கிப் போயிருந்தேன்.
சிங்க்குக்குக் கீழே குழாய் ஏன் வளைகிறது?
அந்த வளைவில் தங்கும் ஒரு கோப்பைத் தண்ணீர்தான்
ஊர் முழுவதின் நாற்றத்தை
உங்கள் சமையலறைக்கு வெளியே மறித்து வைக்கிறது.
ஒருவரும் கேட்கவில்லை.
மூன்று மணிக்கு, மேசை மடிக்கும்போது,
பொலிஸ்காரரிடம் சொன்னேன்.
"அப்படியா" என்றார்.
நாய் கொட்டாவி விட்டது.

பேனா முடிந்தது. விண்ணப்பம் ஒன்றே ஒன்று.
அச்சடித்தது போலக் கையெழுத்து.
பெயர் லீ கிங்.
யாரோ சீனப் பிள்ளை என்று நினைத்தேன்.
காருக்குள் சத்தமாய் வாசித்தபோதுதான்
லீக்கிங் என்று விளங்கியது.

திங்கட்கிழமை அந்த நம்பரை அடித்தேன்.
கோபமா, நப்பாசையா, தெரியாது.
ஏழாவது மணியில் எடுத்தார்கள்.
பிட்சாக் கடை. பிக்கப்பா டெலிவரியா?
லீ கிங் நிற்கிறாரா என்றேன், பகிடிக்கு.
அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.
இன்றைக்கு இது மூன்றாவது கோலாம்.
இராணுவமும் பல்வைத்தியக் கல்லூரியும்
காலையிலேயே அவரைத் தேடினவையாம்.
என் ஆங்கிலத்தைக் கேட்டதும்
குரல் தானாகவே தமிழுக்கு மாறியது.
"நீங்கள் எந்த இடம், அக்கா?"
பிளம்பிங்.

சிரிப்பு நின்றது.
பின்னால் அடுப்புக் கதவு மூடும் சத்தம்.
"முதல் வருசம் மணிக்கு எவ்வளவு?"
சொன்னேன்.
"அஞ்சு வருசம் எண்டது உண்மையோ?"
உண்மை.
"எனக்கு இருபத்திமூண்டு. மாத்ஸ் ரெண்டு தரம் பெயில்."
பின்னம் தெரியுமா என்றேன்,
அரை, கால், அரைக்கால்.
"நாள் முழுக்க பிட்சா வெட்டுறன், அக்கா."

எனக்கு உடனே ஒன்றும் சொல்ல வரவில்லை.
பாடமாக்கின பேச்சு எங்கேயோ போயிற்று.
"கஸ்டமர் வந்திட்டினம், லைனில நில்லுங்கோ."
மேசையில் போனை வைத்த சத்தம்.
யாரோ அன்னாசி வேண்டாம் என்கிறார்கள்.
அதற்கும் பின்னால் ஒரு குழாய் சொட்டுகிறது.
வாஷர் தேய்ந்த சொட்டு,
மூன்று செக்கனுக்கு ஒன்று.

பெயரைக் கேட்க மறந்துபோனேன்.
வேன் எஞ்சின் சும்மா ஓடுகிறது.
பிக்கரிங்கில் ஒரு வீட்டில் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.